தடுக்கினால் ஆரம்பத்துக்கு ஓடாதீர்கள்

கேள்வி: வணக்கம் மிஸ். எனக்கு 26 வயது. புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு பார்க்கும் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். பள்ளி நாட்களிலிருந்தே எங்கள் சர்ச் கொயருக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் போதும், கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பிடித்துவிடுவேன். போன வருடம் முதல் பெரம்பூரில் ஒரு டீச்சரிடம் முறையாகப் பியானோ கற்கிறேன். கிளெமென்டி என்ற இசையமைப்பாளரின் சொனாட்டினா (சின்னப் பியானோ இசை), ஓபஸ் 36 நம்பர் 1, முதல் பாகத்தைக் கொடுத்திருக்கிறார். மூன்று மாதமாக முடியவில்லை. தினமும் ஒரு மணிநேரம் உட்காருகிறேன். முதல் எட்டு பார் (நோட் புத்தகத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) நன்றாக வரும். மைனர் ஸ்கேல் வரும் இடத்தில் தடுக்கும். உடனே மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிப்பேன். யூடியூபில் கேட்டுக் கேட்டும் பார்த்துவிட்டேன். வீட்டில் எப்படியோ வந்துவிடுகிறது, கிளாசுக்குப் போனால் வருவதில்லை. வீட்டில் 61 கீ உள்ள சாதாரண கீபோர்டுதான். என் வயதுக்கு இது வராதா? இன்னும் எத்தனை மணிநேரம் வாசிக்க வேண்டும்?
– வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: தம்பி, வயதை விட்டுவிடுங்கள். 26 ஒரு வயதே இல்லை. மணிநேரத்தையும் கூட்ட வேண்டாம். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு தினமும் ஒரு மணிநேரம் உட்காருவதே பெரிய விஷயம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: "உடனே மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசிப்பேன்." மூன்று மாதமும் அந்த வரியில்தான் போயிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணிநேரத்தில் 15 முறை ஆரம்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் எட்டு பார் 15 முறையும் வாசிக்கப்படும். மைனர் தொடங்கும் 16-ஆவது பாரில் தடுக்கும். கடைசி எட்டு பாரை ஒரு முறையோ இரண்டு முறையோ தொட்டிருப்பீர்கள். நன்றாக வருகிற இடத்துக்கே பயிற்சி போய்க்கொண்டிருக்கிறது, வராத இடம் பட்டினி கிடக்கிறது. இன்னொன்று இதைவிட முக்கியம். 16-ஆவது பாருக்கு வந்ததும் தடுக்குவது, கையை எடுப்பது, ஆரம்பத்துக்குப் போவது என்ற வரிசையையும் உங்கள் கை தினமும் பழகுகிறது. சரியானதை மட்டும் வைத்துக்கொண்டு தவறானதை விட்டுவிடலாம் என்று கைக்குத் தெரியாது. எது அடிக்கடி நடக்கிறதோ அதைக் கற்றுக்கொள்ளும். மூன்று மாதத்தில் அந்த இடத்தில் நிற்பதை அது நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டியூக்கும் அவரோடு இருந்தவர்களும் 2009-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த 17 பியானோ மாணவர்களுக்கு ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ஒரு பியானோ கன்செர்ட்டோவிலிருந்து சின்னப் பகுதி ஒன்றைக் கொடுத்துப் பயிற்சி செய்யச் சொல்லி, மறுநாள் வாசிக்கவைத்துத் தரம் பிரித்தார்கள். யார் அதிக நேரம் வாசித்தார்கள், எத்தனை முறை வாசித்தார்கள் என்பதற்கும் மறுநாள் தரத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. மேலே வந்தவர்களும் முதலில் மற்றவர்களைப் போலத் தவறு செய்தவர்கள்தான். ஆனால் தவறு வந்த கணமே அது எந்த நோட், எந்த விரல், ஏன் வந்தது என்று பார்த்தார்கள். அந்த இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, சரியாகும் வரை விடாமல் திருத்தினார்கள். தவறோடு அதைத் தாண்டிப் போகவில்லை. இத்தனைக்கும் அவர்கள் கல்லூரி அளவில் பியானோ படித்தவர்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது இன்னும் எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

சரி, உங்கள் பீஸுக்கு வருவோம். ஒரு நாள் கீபோர்டை ஆன் செய்யாமல், புத்தகமும் பென்சிலும் மட்டும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இந்த முதல் பாகம் மொத்தமே 38 பார்தான். 15-ஆவது பார் முடிவில் ஒரு கோடு போடுங்கள். 23-ஆவது பார் முடிவில் இன்னொன்று. இப்போது மூன்று துண்டுகள் கிடைத்துவிட்டன. முதல் துண்டு சி மேஜரில் தொடங்கி, 8-ஆவது பார் வாக்கில் ஜி மேஜருக்குப் போய் அங்கேயே முடிகிறது. நடுத்துண்டு வெறும் எட்டு பார், சி மைனர். மூன்றாவது துண்டு 24-இல் தொடங்குகிறது. அதன் தொடக்கத்தை உற்றுப் பாருங்கள்: முதல் பாரில் வந்த அதே சி-ஈ-சி-ஜி-ஜி, ஒரு ஆக்டேவ் (எட்டு சுரம்) கீழே. 31-லிருந்து கடைசி வரை வருவது, முதல் துண்டில் ஜி மேஜரில் வந்த சரக்குதான். கிட்டத்தட்ட அப்படியே சி மேஜருக்கு இறங்கியிருக்கிறது.

கொயரில் பாடுபவருக்குச் சுதி எட்டவில்லை என்றால் பாட்டை வேறு ஸ்கேலுக்கு மாற்றுவீர்கள் அல்லவா? கிளெமென்டி அதைத்தான் செய்திருக்கிறார். நீங்கள் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தியிருப்பீர்கள், இங்கே விரல் செய்ய வேண்டும். ஆக 38 பாரும் புதிதல்ல. உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இது தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு நோட்டாக மென்றுகொண்டு போவதால்தான் பீஸ் மலை மாதிரித் தெரிகிறது.

அடுத்து, ஒவ்வொரு பாருக்கும் மேலே என்ன கார்ட் என்று பென்சிலில் எழுதுங்கள். உங்களுக்கு இது கைவந்த வேலை. கிரேட் எக்ஸாம் எழுதிவிட்டு வருகிற பல பிள்ளைகளுக்கு நோட் படிக்கத் தெரியும், அடியில் ஓடுகிற கார்ட் தெரியாது. உங்களுக்கு அது காதிலேயே இருக்கிறது. காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் என்னிடம் வருகிறவர்களிடம் இதை எப்போதும் பார்க்கிறேன். கானாவும் கோயில் பாட்டும் கேட்டு வளர்ந்த காது அது. ஆனால் நோட் படித்து வாசிப்பது வேறு யாருக்கோ உரியது, நமக்கு இல்லை என்று அவர்களே முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. கார்ட் தெரிந்த கை நோட் படிக்கவும் பழகிவிட்டால் அதற்கு ஈடே கிடையாது.

இப்போது அந்த 16-ஆவது பார். அங்கே ஏன் தடுக்கிறது? ஆரம்பத்தில் வந்த சி-ஈ-சி அங்கே சி-ஈ ஃபிளாட்-சி ஆக மாறுகிறது. காதுக்கு மைனர் என்று உடனே தெரிந்துவிடும். கைக்கு அது வேறு சமாச்சாரம். வெள்ளைக் கட்டைகளின் முன் ஓரத்தில் இருந்த கை, விரல் கறுப்புக் கட்டையை எட்ட வேண்டும் என்பதால் கொஞ்சம் உள்ளே நகர வேண்டும். விரலை மட்டும் நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு திருகும், அடுத்த நோட் தப்பும். மூன்று மாதமாக ஈ-யில் போய் உட்கார்ந்து பழகிய விரலுக்குப் பழைய பாதைதான் தெரியும். அதனால் முதலில் சத்தமே வராமல், கையை அந்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். எடுங்கள், மறுபடி வையுங்கள். அந்த நிலை கைக்குப் பழகிய பிறகு 16, 17 இரண்டு பாரை மட்டும் வாசித்து, 18-இன் முதல் நோட்டில் போய் நில்லுங்கள்.

எந்தத் துண்டை எடுத்தாலும் அடுத்த பாரின் முதல் நோட் வரை போய்த்தான் நிற்க வேண்டும். பார்க் கோட்டிலேயே நிறுத்திப் பழகினால், துண்டுகளை ஒட்டும்போது ஒவ்வொரு கோட்டிலும் ஒரு சின்னத் தயக்கம் வரும். பிறகு அதைக் களைவது பெரும்பாடு.

எவ்வளவு மெதுவாக? ஒரு நோட்டை அழுத்தும்போது அடுத்த நோட் எது, எந்த விரல் என்று மனதில் ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்த வேகம்தான் இன்றைய வேகம். அது வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. மூன்று முறை அடுத்தடுத்துச் சரியாக வந்தால் மெட்ரோனோமில் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) நாலைந்து எண் ஏற்றுங்கள், தப்பினால் இறக்குங்கள். பீஸில் மிகக் கஷ்டமான இரண்டு பார் எந்த வேகத்தில் வருகிறதோ, அதுவே இப்போதைக்கு முழு பீஸின் வேகம். எளிதான எட்டு பாரைப் பறந்து வாசித்துவிட்டுக் கஷ்டமான இடத்தில் நொண்டுவதைத்தான் இத்தனை நாளும் செய்திருக்கிறீர்கள். கீபோர்டில் உள்ள ரிதம் ஸ்டைலை மெட்ரோனோமுக்குப் பதிலாகப் போடாதீர்கள். டிரம்ஸ் சத்தத்தில் உங்கள் விரல் சீராக விழுகிறதா என்பதே கேட்காது.

விரல் எண் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5) விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். கொயரில் கார்ட் பிடித்துப் பழகியவர்களின் வலது கை பெரும்பாலும் மூன்று விரலில் ஓடும். நாலாவதும் ஐந்தாவதும் ஓய்வில் இருக்கும், கட்டைவிரல் அடியில் நுழையாது. இந்த பீஸிலோ ஸ்கேல் ஓட்டங்கள் நிறைய. சி மேஜர் ஸ்கேலில் வலது கை 1-2-3 வாசித்து, கட்டைவிரல் அடியில் நுழைந்து 1-2-3-4-5 என்று முடிக்கும். இது தானாக நடக்கவில்லை என்றால் ஓட்டம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வரும். புதுப் பீஸ் கையில் வந்த முதல் நாளே விரல் எண்ணை முடிவு செய்து எழுதிவிடுங்கள். புத்தகத்தில் அச்சாகியிருப்பது உங்கள் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் டீச்சரிடம் கேட்டு மாற்றலாம், தப்பில்லை. மாற்றிய பிறகு ஒவ்வொரு முறையும் அதே விரல்தான். நேற்று மூன்றாம் விரல், இன்று இரண்டாம் விரல் என்றால் கையைப் பொறுத்தவரை அவை இரண்டு வெவ்வேறு பீஸ்கள்.

ஓட்டம் சீராக வராத இடங்களில் ஒரு நோட்டை நீட்டி அடுத்ததைக் குறுக்கி, நீளம்-குட்டை, நீளம்-குட்டை என்று வாசியுங்கள். பிறகு அதைத் திருப்பி, குட்டை-நீளம். அதன்பின் சாதாரணமாக வாசித்தால் எந்த விரல் சோம்பேறி என்று தெரிந்துவிடும்.

தனித்தனிக் கையாக வாசிப்பதைப் பற்றி என் கருத்து பலருக்கு ஒத்துப்போகாது. விரல் எண் பதியும் வரை தனித்தனியாக வாசிக்கலாம். அதற்குமேல் நாள்கணக்கில் தனித்தனியாகவே வைத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு கையும் சேர்வது தனியாகக் கற்க வேண்டிய இன்னொரு வேலை. இரண்டாம் நாளே ஒரே ஒரு பாராவது சேர்த்து வாசித்துவிட வேண்டும், ஆமை வேகத்தில் என்றாலும். முடியவில்லை என்றால் ஒரு கை வாசிக்கட்டும், மற்றது தொடையில் தாளம் தட்டட்டும்.

அப்புறம், வீட்டில் வருவது கிளாசில் ஏன் வருவதில்லை? பயம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் வேறு. வீட்டில் அந்த இடம் வந்தது எத்தனையாவது முறையில்? பத்தாவதா, இருபதாவதா? கிளாசில் உங்களுக்குக் கிடைப்பது முதல் முறை மட்டும்தான். வீட்டில் நீங்கள் முதல் முறையைப் பழகவே இல்லை. அதனால் ஒரு துண்டு மூன்று முறை சரியாக வந்ததும் அதை விட்டுவிட்டு வேறு துண்டுக்குப் போங்கள். பத்து நிமிடம் கழித்து, எந்த ஒத்திகையும் இல்லாமல் பழைய துண்டை ஒரே ஒரு முறை வாசியுங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் முதலில் அதையே ஒரு முறை. அப்போது வருவதுதான் உங்களுக்கு உண்மையில் தெரிந்தது. இப்படி இடம் மாற்றி மாற்றிப் பழகும்போது ஒன்றுமே முன்னேறாதது போலத் தோன்றும். ஒரே இடத்தை அரைமணிநேரம் இடித்தால் கிடைக்கிற திருப்தி இதில் கிடைக்காது. ஆனால் மறுநாள் கையில் மிஞ்சுவது இதுதான்.

இதனாலேயே ஒரு மணிநேரத்தை ஒரே மூச்சில் உட்காராமல் இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். உங்கள் ஷிஃப்ட்டுக்கும் அது வசதி. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் புதிய பார் எதையும் தொடாதீர்கள், களைத்த கை தப்பைத்தான் பிடிக்கும். தூங்குங்கள். விரல்கள் கற்ற வரிசை தூக்கத்துக்குப் பிறகு மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுந்து சாப்பிட்ட பிறகு இருபது நிமிடம், வேலைக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் போதும். பெரம்பூர் வருகிற பஸ் வியாசர்பாடிப் பக்கம் நகராமல் நிற்கும்போது புத்தகத்தைத் திறந்து, நடுத்துண்டின் எட்டு பாரை மனதுக்குள் விரல் எண்ணோடு வாசியுங்கள். கரண்ட் போன நேரத்திலும் அதையே செய்யலாம், மேசைமேல் விரலை ஓட்டி.

யூடியூபை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஆனால் வரிசை மாற வேண்டும். முதலில் எட்டு பாரை நீங்களே நோட் பார்த்து மெதுவாகக் கண்டுபிடியுங்கள். பிறகு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால், உங்களுடையது போன்ற நல்ல காது மீதியை ஊகித்துவிடும். கண் நோட்டைப் படிக்காது. மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழுகிற வீடியோக்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே மெதுவாகத் தொட வேண்டும், எந்த விரல் என்று எதுவுமே அதில் இல்லை.

கீபோர்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். கிளெமென்டி இந்தத் தொகுப்பை வெளியிட்டது 1797-இல். அந்தக் காலப் பியானோக்கள் பலவும் ஐந்து, ஐந்தரை ஆக்டேவ்தான். இன்றைய பியானோவில் 88 கீ, உங்களிடம் 61, அதாவது ஐந்து ஆக்டேவ். இந்த பீஸுக்கு அது தாராளமாகப் போதும். குறைவது எடைதான். உண்மையான பியானோ கட்டை சுமார் 50 கிராம் எடை வைத்தால்தான் இறங்கும். கீபோர்டில் ஸ்பிரிங் மட்டும் இருப்பதால் தொட்டதும் இறங்கிவிடும். அதனால் உங்கள் விரல் பியானோவில் திணறுவது இயல்பு. டச் ரெஸ்பான்ஸ் வசதி (அழுத்தும் பலத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுவது) இருந்தால் எப்போதும் ஆனில் வையுங்கள், டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கட்டும். கட்டில் மேல் வைத்து வாசிக்காதீர்கள், முழங்கை கட்டையின் உயரத்துக்கு வர வேண்டும். இரவில் ஹெட்ஃபோன் போட்டாலும் தட்டுகிற சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கும், ஸ்டாண்டின் அடியில் பழைய போர்வையை மடித்துப் போடுங்கள். உங்கள் சர்ச்சில் பியானோ இருந்தால், ஞாயிறு ஆராதனைக்கு முன் அரைமணிநேரம் வாசிக்க அனுமதி கேளுங்கள். இத்தனை வருடமாகக் கொயருக்கு வாசிப்பவரை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கிளாசுக்கும் பத்து நிமிடம் முன்னதாகப் போய், டீச்சரின் பியானோவில் இரண்டு ஸ்கேல் வாசித்துக் கையைப் பழக்கிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

இந்த வாரத்திலிருந்து முதல் எட்டு பாரைத் தொட வேண்டாம், இரண்டு வாரத்துக்கு அதற்கு விடுமுறை. கடைசியிலிருந்து தொடங்குங்கள். 35 முதல் 38 வரை, அது வந்த பிறகு 31 முதல் 38 வரை. பிறகு நடுத்துண்டு. கடைசியிலிருந்து கற்றால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள், இப்போது போல் தெரியாத இடத்தை நோக்கி அல்ல. அடுத்த கிளாசில் டீச்சரிடம், "மிஸ், இன்று 16-இலிருந்து தொடங்குகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள். நன்றாக வருவதைக் காட்டிவிட்டு வந்தால் அவரால் உங்களுக்கு உதவ முடியாது.

நாளின் கடைசியில் ஒரே ஒரு முறை, எது வந்தாலும் நிற்காமல், தொடங்கிய துண்டை முடிவு வரை வாசித்து ஃபோனில் பதிவு செய்யுங்கள். இதற்கு நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொயர் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு கார்ட் தப்பினால் நிறுத்தவா செய்வீர்கள்? அதே நிதானம்தான். ஆனால் அந்த ஒரு முறைக்கு மட்டும். பதிவை அன்றே கேட்காமல் மறுநாள் புத்தகத்தோடு கேட்டு, தப்பிய இடத்தில் பென்சில் வட்டம் போடுங்கள். அன்றைய பயிற்சி அந்த வட்டங்களில் தொடங்கட்டும்.

இன்னொரு யோசனை. முதல் பாகம் முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காமல், இரண்டாம் பாகமான ஆண்டான்டேவை இப்போதே ஆரம்பிக்க முடியுமா என்று டீச்சரிடம் கேளுங்கள். அது எஃப் மேஜர், மெதுவானது. பழைய பழக்கம் எதுவும் ஒட்டாத பீஸில் புதிய முறையைப் பழகுவது எளிது. இடது கையில் மூன்று மூன்று நோட்டாகப் பிரிந்து கார்ட்கள் ஓடும். முதல் நாள் அவற்றைப் பிரிக்காமல், ஒவ்வொன்றையும் முழுக் கார்டாக ஒரே பிடியில் பிடித்துக்கொண்டே போங்கள். எஃப் எங்கே, சி செவன் எங்கே என்று உங்களுக்குப் பார்த்ததும் தெரியும். வலது கையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.